ஈஸிஜெட் ஸ்டெலியோஸ்: சைப்ரஸ் குடும்பத்துப் பையன் லண்டன்ல வந்து ஏர்லைன் ஆரம்பிச்ச கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவுல ஆரஞ்சு கலர் வால் வெச்ச விமானத்துல ஏறினவங்க நிறைய பேர் இருப்பீங்க. அதை ஆரம்பிச்ச ஆளைப் பத்தி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சந்தேகங்கள் வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. கொஞ்சம் நீளம்தான், வேண்டிய கேள்வியை மட்டும் படிச்சுட்டுப் போனாலும் சரி.

யார் இந்த ஸ்டெலியோஸ்?

முழுப் பேர் ஸ்டெலியோஸ் ஹாஜி-இயானு. 1967 பிப்ரவரி 14ல ஏதென்ஸ்ல பொறந்தவர். குடும்பம் சைப்ரஸ் கிரேக்கக் குடும்பம். 1995ல, 28 வயசுல, லண்டனுக்கு வடக்க இருக்கற லூட்டன் ஏர்போர்ட்ல ஈஸிஜெட்டை ஆரம்பிச்சார். பிரிட்டன்ல யாரும் இவரை ஹாஜி-இயானுன்னு கூப்பிடறதில்ல, வெறும் ஸ்டெலியோஸ்தான், அவரும் அதைத்தான் விரும்பினார், ஏன்னா அந்த நீளமான கடைசிப் பேரை இங்கிலீஷ்காரங்க வாயில நுழைக்கறதுக்குள்ள விமானமே கிளம்பிடும்.

இவர் அகதியா வந்து முன்னேறினவரா?

இல்லவே இல்ல. இதுதான் நிறைய வீடியோவுல தப்பா சொல்றாங்க. "வெறுங்கையோட வந்தார், இன்னைக்கு கோடீஸ்வரர்"ங்கற டெம்ப்ளேட்ல இவரையும் தூக்கிப் போட்டுடறாங்க. அந்த டெம்ப்ளேட் பொருந்தற ஆள் இவரோட அப்பா லூகாஸ். அவர்தான் சைப்ரஸ்ல ட்ரூடோஸ் மலைப்பக்கத்து பெடூலாஸ் ஊர்ல இருந்து கிளம்பி, வியாபாரம் பண்ணி, கப்பல் வாங்கி, எண்ணெய்க் கப்பல் முதலாளி ஆனவர். பையன் பணக்கார வீட்லயே பொறந்து வளர்ந்தவர். படிக்கறதுக்கு லண்டன் வந்தார், எல்எஸ்இ-ல (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) எகனாமிக்ஸ், அப்புறம் சிட்டி யூனிவர்சிட்டில கப்பல் வணிகத்துல மாஸ்டர்ஸ், 1988ல நேரா அப்பா கம்பெனில வேலை.

ஆனா குடியேறினவர்ங்கறது பொய் இல்ல. ஒரு ஊர்ல பொறந்து, இன்னொரு ஊரை வேரா வெச்சுக்கிட்டு, மூணாவது ஊர்ல போய், அந்த ஊர் அரசு ஏர்லைனா இருந்த கம்பெனியோட மல்லுக்கட்டினவர். பணம் இருந்தா வெளியூர்க்காரன்ங்கற பட்டம் போயிடும்னு நினைக்காதீங்க, பிரிட்டிஷ் பத்திரிகைகள் இவரைப் பத்தி எழுதும்போதெல்லாம் "கிரேக்கக் கப்பல் முதலாளி மகன்"னு ஒரு அடைமொழி கூடவே வந்துட்டுதான் இருந்துச்சு.

அப்ப எல்லாம் அப்பா காசுதானே?

ஆமா, ஆரம்பம் அப்பா காசுதான், இவரும் அதை மறைச்சதில்ல. ஈஸிஜெட்டுக்கு அப்பா குடுத்த கடன் 50 லட்சம் பவுண்ட். அதுக்கு முன்னாடி 1992ல ஸ்டெல்மார்னு தனியா ஒரு எண்ணெய்க் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார், அதுக்கும் முதல் அங்கிருந்துதான். ஸ்டெல்மார் நல்லாவே போச்சு, 2001ல நியூயார்க் பங்குச்சந்தைல லிஸ்ட் ஆச்சு, 2005ல ஓஎஸ்ஜிங்கற அமெரிக்க கம்பெனி வாங்கிடுச்சு.

என்னோட கருத்து என்னன்னா, பணக்கார அப்பா இருந்தா ஏர்லைன் ஆரம்பிக்கறது சுலபம், அதை ஓட விடறதுதான் கஷ்டம். விமானத் தொழில்ல பெரிய பெரிய பணக்காரங்க எல்லாம் கையைச் சுட்டுக்கிட்டுப் போயிருக்காங்க. 50 லட்சம் பவுண்டுங்கறது சாதாரண மனுஷனுக்கு மலை, ஆனா ஏர்லைனுக்கு அது சில்லறைக் காசு. ஒரு புது போயிங் விலைக்குப் பக்கத்துல கூட வராது. அதனாலதான் முதல்ல விமானமே வாங்கல, அதைக் கீழ சொல்றேன்.

ஹேவன் கப்பல் விபத்துன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

இதைத் தாண்டிப் போயிட்டு இவரைப் பத்திப் பேச முடியாது. 1991 ஏப்ரல் 11, இத்தாலில ஜெனோவா பக்கத்துல, இவங்க குடும்பத்துக் கம்பெனியோட ஹேவன்ங்கற எண்ணெய்க் கப்பல் வெடிச்சு தீப்பிடிச்சுது, 3 நாள் எரிஞ்சுட்டு கடல்ல மூழ்கிடுச்சு. உள்ள கச்சா எண்ணெய் 1,40,000 டன்னுக்கு மேல. கப்பல்ல வேலை பார்த்தவங்க உயிர் போச்சு, இத்தாலி, பிரான்ஸ் கரையெல்லாம் வருஷக்கணக்குல எண்ணெய்ப் பிசுக்கு. அந்தக் கப்பல் 1973ல கட்டினது, ஈரான்–ஈராக் போர் சமயத்துல ஏவுகணை அடி வாங்கி, ரிப்பேர் பண்ணி மறுபடி ஓட விட்டது. 1978ல பிரான்ஸ் கரையில உடைஞ்ச அமோகோ காடிஸ் ஞாபகம் இருக்கா, அதோட சகோதரக் கப்பல் இது.

அப்பா, மகன் ரெண்டு பேர் மேலயும் இத்தாலில உயிர்ச்சேதத்துக்குப் பொறுப்புன்னு கிரிமினல் கேஸ் போட்டாங்க. வருஷக்கணக்கா இழுத்து, மேல் கோர்ட் வரைக்கும் போய், கடைசியில விடுதலை ஆனாங்க. அப்ப இவருக்கு வயசு 24. பழைய கப்பலை வெச்சு ஓட்டறதோட அர்த்தம் என்னன்னு அந்த வயசுலயே தெரிஞ்சுடுச்சு. பாதுகாப்புக்கு ஆகற செலவு ஜாஸ்தின்னு சொல்றவங்க ஒரு விபத்துக்கு ஆகற செலவைப் பார்க்கணும்ங்கற மாதிரி பல பேட்டில சொல்லியிருக்கார். டிக்கெட் விலை குறைவா இருக்கலாம், அதுக்காக விமானம் பழசா இருக்கக்கூடாதுன்னு பின்னாடி ஈஸிஜெட் புது விமானமா வாங்கினதை இதோட சேர்த்துப் பார்க்கறவங்க உண்டு, எனக்கும் அது சரின்னுதான் படுது. புது விமானத்துக்கு எரிபொருளும் ரிப்பேரும் கம்மிங்கறது தனி லாபம்.

கப்பல்காரருக்கு விமான ஐடியா எங்கிருந்து வந்துச்சு?

ஏதென்ஸ்–லண்டன் ரூட்ல வர்ஜின்ங்கற பிரிட்டிஷ் ஏர்லைனோட பேரை வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டிருந்த ஒரு கிரேக்க கம்பெனி, இவர்கிட்ட முதலீடு கேட்டு வந்துச்சு. கணக்கைப் பார்த்தார், வேண்டாம்னுட்டார், ஆனா அந்தத் தொழில் மண்டைக்குள்ள உக்காந்துடுச்சு. அப்புறம் அமெரிக்கா போய் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் எப்படி ஓடுதுன்னு பார்த்தார். ஒரே மாடல் விமானம், சாப்பாடு கிடையாது, இறங்கினதும் சீக்கிரம் திரும்பக் கிளம்பிடணும், விமானம் தரையில நின்னா நஷ்டம், மேல பறந்தா மட்டும்தான் காசு. அதை அப்படியே தூக்கிட்டு வந்து ஐரோப்பாவுல வெச்சார்னு சொன்னா பெரிய தப்பில்ல.

நேரமும் சரியா அமைஞ்சுது. அதுவரைக்கும் ஐரோப்பாவுல எந்த ஏர்லைன் எங்க பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம்னு ரெண்டு நாட்டு அரசாங்கமும் பேசி முடிவு பண்ணும். 1993ல ஐரோப்பிய யூனியன் அந்தக் கதவைத் திறந்துடுச்சு, 1997ல முழுசா திறந்துச்சு. அயர்லாந்துல ரயன்ஏர் ஏற்கனவே மலிவு விலைக்கு மாறியிருந்துச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி இவர் இதே ஐடியாவோட வந்திருந்தா லைசென்ஸ் ஆபீஸ் வாசல்லயே உக்காந்திருப்பார்.

முதல் விமானம் எப்போ, எங்க?

1995 நவம்பர் 10, லூட்டன்ல இருந்து ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுக்கு. அப்புறம் எடின்பரோ. ஒரு வழி டிக்கெட் 29 பவுண்ட். ஒரு ஜீன்ஸ் வாங்கற காசுக்குப் பறக்கலாம்னுதான் விளம்பரம்.

இதுல வேடிக்கை என்னன்னா அன்னைக்கு ஈஸிஜெட்கிட்ட சொந்தமா ஒரு விமானமும் இல்ல, விமானம் ஓட்டற லைசென்ஸும் இல்ல. ரெண்டு போயிங் 737-200, பைலட் உட்பட வாடகை. லைசென்ஸும் வேற கம்பெனியோடது. இவர்கிட்ட இருந்தது பேரு, கலரு, ஒரு போன் நம்பர். அந்த நம்பரைத்தான் விமானத்து உடம்புல முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ராட்சச சைஸ் ஆரஞ்சு எழுத்துல அடிச்சு விட்டார். ரன்வேல போற வர்ற ஒவ்வொரு தடவையும் அது இலவச விளம்பரப் பலகை. டிராவல் ஏஜென்ட் கிடையாது, போன் பண்ணு, கார்டு நம்பர் சொல்லு, பேப்பர் டிக்கெட்கூட இல்ல. ஏஜென்ட்டுக்குப் போற கமிஷன் மிச்சம்.

சொந்த லைசென்ஸ் 1997லதான் வந்துச்சு. நடத்தறதுக்கு ஏர் நியூசிலாந்துல இருந்த ரே வெப்ஸ்டரைக் கூட்டிட்டு வந்தார், அவரும் வெளிநாட்டுக்காரர்தான். கட்டண முறை, எந்த சீட் எப்போ என்ன விலைக்கு விக்கணும்ங்கற கணக்கெல்லாம் அவர் கைவண்ணம் நிறைய. ஸ்டெலியோஸ் மேடையில, வெப்ஸ்டர் மேடைக்குப் பின்னாடி. வெப்ஸ்டருக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கலன்னுதான் நான் சொல்லுவேன்.

29 பவுண்டுக்கு எப்படி கட்டுப்படி ஆச்சு?

எல்லா சீட்டும் 29 இல்ல, அதான் விஷயம். முதல்ல புக் பண்றவனுக்கு மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். கடைசி நிமிஷத்துல வர்ற பிசினஸ்காரர் குடுக்கற காசுல, ரெண்டு மாசம் முன்னாடி புக் பண்ணின மாணவன் பறக்கறான். இன்னைக்கு இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அன்னைக்கு "சனிக்கிழமை ராத்திரி அங்க தங்கினாத்தான் ரிட்டர்ன் டிக்கெட் மலிவு" மாதிரி பெரிய ஏர்லைன்கள் வெச்சிருந்த கண்டிஷன்களுக்கு நடுவுல ஒரு வழி டிக்கெட்டைத் தனியா மலிவா விக்கறதே புதுசு.

மத்தபடி சாப்பாடு இல்ல, வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கோ. கிச்சன் இடம் குறைஞ்சா சீட் கூடும். இதுக்கு ஒரு நல்ல உதாரணம், 2002ல ஈஸிஜெட் 120 ஏர்பஸ் ஏ319 ஆர்டர் பண்ணிச்சே, அதுல 156 சீட் வெச்சாங்க. சாதாரண ஏ319ல இறக்கைக்கு மேல ஒரு பக்கத்துக்கு ஒரு எமர்ஜென்சி கதவுதான், அந்தக் கதவை வெச்சு அத்தனை பேரை ஏத்த விதி அனுமதிக்காது. அதனால பக்கத்துக்கு ரெண்டு கதவு வெச்சுக் கட்டச் சொல்லி வாங்கினாங்க. அடுத்த தடவை ஈஸிஜெட் ஏ319 பக்கத்துல நின்னா இறக்கைக்கு மேல எண்ணிப் பாருங்க, ரெண்டு இருக்கும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸோட சண்டை உண்மையா, இல்ல விளம்பரமா?

ரெண்டும். இவரோட திறமையே அதுதான்னு எனக்குத் தோணும், எவன் அடிச்சாலும் அந்த அடியை போஸ்டரா மாத்திடுவார்.

1997ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் தானே ஒரு மலிவு ஏர்லைன் ஆரம்பிக்கப் போறேன்னு அறிவிச்சுது, பேரு கோ, தலைமை பார்பரா கசானி, அவங்களும் அமெரிக்காவுல இருந்து வந்தவங்க. பெரிய கம்பெனி காசைக் கொட்டி என்னை நசுக்கப் பார்க்குதுன்னு ஸ்டெலியோஸ் கோர்ட்டுக்குப் போனார். அது ஒரு பக்கம். 1998 மே 22, கோவோட முதல் விமானம் ஸ்டான்ஸ்டெட்ல இருந்து ரோமுக்கு. யார் ஏர்றாங்கன்னு பார்த்தா, ஸ்டெலியோஸ் தன்னோட ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு, எல்லாரும் பளிச்சுன்னு ஆரஞ்சு கலர் மெக்கானிக் டிரெஸ் போட்டுக்கிட்டு, முறையா டிக்கெட் வாங்கிட்டு வந்து நிக்கறாங்க! டிக்கெட் வாங்கினவனை ஏத்தாம இருக்க முடியுமா? உள்ள போய் மத்த பயணிகளுக்கு ஈஸிஜெட் இலவச டிக்கெட் ஆஃபர் குடுத்துக்கிட்டே போனார். மறுநாள் பேப்பர்ல கோவோட முதல் பயணத்தைப் பத்தின செய்தியில பாதி இடம் இந்த ஆரஞ்சு கும்பலுக்கு. கசானியும் லேசுப்பட்டவங்க இல்ல, சிரிச்சுக்கிட்டே வரவேற்றாங்க.

முடிவு இன்னும் ஜோர். 2001ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் கோவை 3ஐங்கற முதலீட்டு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 11 கோடி பவுண்டுக்கு வித்துச்சு. அடுத்த வருஷமே ஈஸிஜெட் அதை 37 கோடியே 40 லட்சம் பவுண்ட் குடுத்து வாங்கிப் போட்டுது. ஜெயிச்சது ஈஸிஜெட்டுன்னு சொல்லுவாங்க, ஆனா ஒரே வருஷத்துல மூணு மடங்குக்கு மேல பார்த்தது நடுவுல நின்ன 3ஐதான். கோவோட கடைசி வரைக்கும் நின்ன கசானி அந்த விற்பனையை விரும்பல, அவங்களும் வெளிய போயிட்டாங்க.

ஸ்விட்சர்லாந்து கூடார விஷயம் நிஜமா நடந்துச்சா?

நடந்துச்சு, நான் இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. 1998ல ஈஸிஜெட் ஸ்விஸ் கம்பெனி ஒண்ணுல பங்கு வாங்கி, அப்புறம் ஜெனீவால இருந்து பறக்க ஆரம்பிச்சுது. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்ல, அதனால அந்தத் திறந்த கதவு அங்க கிடையாது. ஜெனீவா–பார்சிலோனா ரூட் ஸ்விஸ்ஏர்ங்கற அந்த நாட்டு ஏர்லைனோட ரூட், வேற ஆளுக்கு ரெகுலர் அனுமதி இல்ல. ஆனா சார்ட்டர், அதாவது ரெகுலர் சர்வீஸா இல்லாம தனியா ஏற்பாடு பண்ற விமானம் விடலாம், கண்டிஷன் என்னன்னா டிக்கெட்டோட தங்கற இடமும் சேர்த்து பேக்கேஜா விக்கணும். சரி, தங்கற இடம்தானே, கூடாரமும் தங்கற இடம்தான்னு சொல்லி, பார்சிலோனால இருந்து தள்ளி இருக்கற ஒரு கேம்ப் இடத்துல ஒரு கூடாரத்தைக் கணக்குல காட்டி டிக்கெட் வித்தார். யாராவது போய் அதுல படுத்தாங்களான்னு கேக்காதீங்க. சட்டத்தை மீறவும் இல்ல, சட்டம் எவ்வளவு கேனத்தனமா இருக்குன்னு ஊருக்கே காட்டின மாதிரியும் ஆச்சு.

முதல்லயே இன்டர்நெட்டை நம்பினவரா?

இல்ல, முதல்ல அது கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கானதுன்னுதான் நினைச்சார். ஆனா ஒரு சின்ன சோதனை பண்ணார். வெப்சைட்ல வேற ஒரு போன் நம்பர் போட்டு, அந்த நம்பருக்கு எத்தனை கால் வருதுன்னு எண்ணச் சொன்னார். கால் குவிஞ்சதும் மனசு மாறிடுச்சு. 1998 ஏப்ரல்ல ஆன்லைன்ல முதல் சீட் வித்தாங்க, கொஞ்ச நாள்ல விமானத்துல இருந்த போன் நம்பரை அழிச்சுட்டு வெப்சைட் முகவரியை எழுதினாங்க. நெட்ல புக் பண்ணா தள்ளுபடி, போன்ல பண்ணா இல்ல. ஆள் அபிப்பிராயத்தை விட எண்ணிக்கையை நம்பினார், அது போதும்.

ஈஸிஜெட்டை எப்ப விட்டுப் போனார், ஏன்?

2000 நவம்பர்ல லண்டன் பங்குச்சந்தைல லிஸ்ட் ஆச்சு. பங்கு வாங்கற பெரிய ஃபண்டுகளுக்கு, சேர்மனா ஆரஞ்சு டிரெஸ் போட்டுக்கிட்டு எதிரி விமானத்துல ஏர்ற ஆள் பிடிக்குமா? 2002ல சேர்மன் பதவியை விட்டார். ஆரம்பிக்கறதுக்கு ஒரு வகை ஆள், நடத்தறதுக்கு வேற வகை ஆள்னு அவரே சொல்லிட்டார். அப்புறம் 2005ல இயக்குநர் குழுவுக்குத் திரும்பினார், 2010ல மறுபடி வெளிய வந்தார். ஆனா பங்கை விடல, குடும்பமா சேர்த்து மூணுல ஒரு பங்குக்கு மேல ரொம்ப வருஷம் வெச்சிருந்தாங்க. நிர்வாகத்துல இல்லாத முதலாளி, நிர்வாகம் கூட்டத்துக்குக் கூட்டம் பயந்த முதலாளி.

பேருக்கு ராயல்டி வாங்கறார்ங்கறாங்களே, சொந்த கம்பெனிக்கே?

ஆமா, இங்கதான் இவர் மூளை. "ஈஸி"ங்கற பேரு ஏர்லைனோடது இல்ல. அது ஈஸிகுரூப்னு இவரோட தனி கம்பெனிக்குச் சொந்தம், ஏர்லைன் வாடகைதாரர். 2010ல இதைப் பத்தி ஏர்லைனுக்கும் இவருக்கும் பெரிய சண்டை, கோர்ட் வாசல் வரைக்கும் போய் கடைசியில சமரசம் ஆனாங்க, ஏர்லைன் வருஷா வருஷம் வருமானத்துல 0.25 சதவீதம் பேருக்காகக் குடுக்கணும். கவனிங்க, லாபத்துல இல்ல, வருமானத்துல. ஏர்லைன் நஷ்டத்துல ஓடினாலும் பேருக்கு வாடகை உண்டு. பல நூறு கோடி பவுண்ட் வருமானம் வர்ற கம்பெனில 0.25ங்கறது சின்ன எண் இல்ல.

எல்லா ஏர்லைன்காரங்களும் விமானத்தைச் சொத்துன்னு நினைச்சுக்கிட்டு இருந்தப்ப இவர் ஆரம்பத்துலயே விமானத்தை வாடகைக்கு எடுத்தார், பேரைச் சொந்தமா வெச்சுக்கிட்டார். மத்ததெல்லாம் அதுல இருந்து வந்துதுதான்.

இதுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. "ஈஸி"ன்னு பேர்ல வர்ற எவனையும் ஈஸிகுரூப் விடறதில்ல, சின்னச் சின்னக் கடைகள், வெப்சைட்டுகள் எல்லாத்துக்கும் வக்கீல் நோட்டீஸ். 2023ல லெஸ்டர் ஊரைச் சேர்ந்த ஈஸி லைஃப்னு ஒரு இசைக்குழு, கேஸ் நடத்த காசில்லாம பேரையே விட்டுடுச்சு, 2024ல ஹார்ட் லைஃப்னு மாத்திக்கிச்சு. பெரியவன் நசுக்கறான்னு 1998ல கோர்ட்டுக்குப் போனவர் இப்படிப் பண்றது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

மத்த "ஈஸி" தொழில் எல்லாம் என்ன ஆச்சு?

பெரும்பாலும் ஊத்திக்கிச்சு. 1999ல லண்டன் விக்டோரியா ஸ்டேஷனுக்கு எதிர்ல 24 மணி நேர இன்டர்நெட் கஃபே, அப்புறம் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல 800 கம்ப்யூட்டரோட ஒண்ணு. வீட்டுக்கு வீடு நெட் வந்ததும் அது காலி. வாடகைக் கார் கம்பெனி, மெர்சிடீஸ் ஏ-கிளாஸ் ஒரே மாடல், திருப்பிக் குடுக்கும்போது கழுவிட்டுக் குடுக்கணும். இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ங்கற ஊர்ல 2003ல ஒரு சினிமா தியேட்டர், முன்னாடியே புக் பண்ணா டிக்கெட் 20 பென்ஸ், பாப்கார்ன் கிடையாது. பெரிய ஸ்டுடியோக்கள் புதுப் படம் தர மறுத்துட்டாங்க, சில வருஷத்துல மூடியாச்சு. இதுல ஒரு விஷயம் தெரியும். விமானத்துல காலி சீட்டுக்கு விலை வைக்கறது இவர் கையில இருந்துச்சு, தியேட்டர்ல படமே இன்னொருத்தன் கையில.

2005ல ஆரஞ்சு கப்பல் ஒண்ணு, ஈஸிகுரூஸ். கப்பல் குடும்பத்துப் பையனாச்சே, அதாவது ஓடும்னு பார்த்தா 2009ல வித்துட்டார். ஓட்டல் மட்டும் நிலைச்சுது. 2005ல லண்டன் கென்சிங்டன் பக்கம் முதல் ஈஸிஹோட்டல், சில ரூம்ல ஜன்னல்கூட இல்ல, டிவி பார்க்க தனி காசு.

ஆப்பிரிக்காவுல ஃபாஸ்ட்ஜெட்ங்கற மலிவு ஏர்லைனுக்கும் ஆரம்பத்துல கைகுடுத்தார், 2012ல தான்சானியால பறக்க ஆரம்பிச்சுது, நினைச்ச அளவுக்கு வளரல.

கொரோனா சமயத்துல என்ன சண்டை?

2020ல விமானம் எல்லாம் தரையில நிக்குது. ஈஸிஜெட் 107 ஏர்பஸ் வாங்க ஏற்கனவே ஒப்பந்தம் போட்டிருந்துச்சு, மதிப்பு சுமார் 450 கோடி பவுண்ட். பறக்கவே ஆளில்ல, புது விமானம் எதுக்கு, ரத்து பண்ணுங்கன்னு ஸ்டெலியோஸ் கத்தினார். இந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ண உதவற தகவல் யார் குடுத்தாலும் 50 லட்சம் பவுண்ட் பரிசுன்னு அறிவிச்சார். தலைவர், சிஇஓ உட்பட நாலு இயக்குநர்களை நீக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தார், மே 22ல ஓட்டெடுப்பு, தோத்துட்டார்.

அவர் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா அதே மார்ச்ல ஏர்லைன் பங்குதாரர்களுக்கு 17 கோடியே 40 லட்சம் பவுண்ட் டிவிடெண்ட் (லாபப் பங்கு) குடுத்துச்சு, அதுல ஏறக்குறைய 6 கோடி இவர் குடும்பத்துக்குப் போச்சு, அடுத்த மாசமே கம்பெனி 60 கோடி பவுண்ட் அரசு திட்டத்துல கடன் வாங்குச்சு. காசை மிச்சம் பிடிக்கணும்னு கத்தறவர் அந்த டிவிடெண்டைப் பத்தி மட்டும் கத்தல. 2021ல கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டு 120 கோடி பவுண்ட் திரட்டினப்ப குடும்பம் அதுல சேரல, பங்கு 15 சதவீதம் பக்கம் இறங்கிடுச்சு.

பிரெக்ஸிட்டுக்கும் இவர் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி, நிறைய பேர் இதைக் கவனிக்கறதில்ல. ஐரோப்பிய யூனியனுக்குள்ள ஒரு நாட்ல இருந்து இன்னொரு நாட்டுக்கு, உதாரணத்துக்கு பாரிஸ்–மிலான், தங்கு தடையில்லாம பறக்கணும்னா ஏர்லைன்ல பாதிக்கு மேல யூனியன் குடிமக்கள் கையில இருக்கணும். பிரிட்டன் வெளிய போனதும் பிரிட்டிஷ் பங்குதாரர்கள் அந்தக் கணக்குல இருந்து கழிஞ்சுட்டாங்க. ஈஸிஜெட் 2017லயே வியன்னால ஆஸ்திரிய லைசென்ஸோட தனி கம்பெனி வெச்சுது, ஆனாலும் உரிமைக் கணக்கு சரியா வரணுமே. அங்க இவரோட சைப்ரஸ் குடியுரிமை கைகுடுத்துச்சு, சைப்ரஸ் 2004ல இருந்தே யூனியன்ல இருக்கு, அதனால குடும்பத்துப் பங்கு மொத்தமும் ஐரோப்பியப் பங்கா எண்ணப்பட்டுது. அப்பவும் பத்தல, 2021ல யூனியன் குடிமக்கள் அல்லாத சில பங்குதாரர்களோட ஓட்டுரிமையை நிறுத்தி வெச்சுதான் சமாளிச்சாங்க. அத்தனை வருஷம் வெளிநாட்டுக்காரன்னு சொன்ன ஆளோட வெளிநாட்டு பாஸ்போர்ட்தான் பிரிட்டிஷ் கம்பெனிக்கு அன்னைக்கு உதவிச்சு.

தர்மம் ஏதாவது பண்றாரா?

பண்றார். எனக்குப் பிடிச்சது சைப்ரஸ் விஷயம். அந்தத் தீவு 1974ல இருந்து ரெண்டா பிரிஞ்சு கிடக்கு, தெற்குல கிரேக்கர், வடக்குல துருக்கியர், நடுவுல ஐநா காவல். 2009ல இருந்து, ஒரு கிரேக்க சைப்ரஸ்காரரும் ஒரு துருக்கிய சைப்ரஸ்காரரும் சேர்ந்து தொழில் பண்ணா, அந்த ஜோடிக்கு ரொக்கப் பரிசு குடுக்கறார். பேச்சுவார்த்தை, மாநாடுன்னு இல்லாம, சேர்ந்து காசு பார்க்கறியா, இந்தா காசுங்கற வியாபாரி வழி. எல்எஸ்இ-லயும் சிட்டி யூனிவர்சிட்டிலயும் ஸ்காலர்ஷிப் உண்டு. 2017ல சொத்துல பாதியைத் தர்மத்துக்குக் குடுக்கறேன்னு கிவிங் பிளெட்ஜ்ல கையெழுத்துப் போட்டார்.

இப்ப எங்க இருக்கார், சர் பட்டம் இருக்கா?

2006ல தொழில்முனைவுக்காக பிரிட்டன்ல சர் பட்டம் குடுத்தாங்க. குடியிருக்கறது மொனாக்கோ, அங்க வருமான வரி கிடையாதுங்கறதை யாரும் தனியா சொல்ல வேண்டியதில்ல. ஏர்லைன்கிட்ட இன்னைக்கு 340க்கு மேல விமானம் இருக்கு, எல்லாமே ஏர்பஸ். இவர் அதுல பதவி எதுவும் வகிக்கல, ஆனா பேருக்கான 0.25 சதவீதம் வந்துக்கிட்டே இருக்கு.